கைக்கு வராத கழிவு: அமெரிக்கக் கணினிக் கடைகள் தரும் பாடம்



'ரிபேட்' என்ற சொல் நம்மவர்களுக்குப் புதிதல்ல. தீபாவளி, பொங்கல் நாட்களில் கோ-ஆப்டெக்ஸ் வாசலில் கட்டிய துணிப் பதாகையில் அந்தச் சொல்லைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். கைத்தறி ரிபேட்டில் நடந்தது இதுதான்: வாடிக்கையாளர் புடவையை எடுப்பார், பில் போடும் இடத்திலேயே ரிபேட் கழிந்துவிடும், மீதியைக் கட்டிவிட்டுப் போவார். கழித்த தொகையை அரசு பிறகு சங்கத்திற்கு ஈடுசெய்யும். அதாவது வாங்குபவர் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருப்பது விற்பவர்.

இதே சொல்லுக்கு அமெரிக்காவில் நேர் எதிரான பொருள் உண்டு. அங்கே 1990களிலும் 2000களின் முற்பாதியிலும் கணினி, அச்சுப்பொறி, மானிட்டர் விற்ற கடைகளில் எங்கு பார்த்தாலும் 'தபால்வழி ரிபேட்' என்ற பலகை தொங்கியது. அதில் வாங்குபவர் முழு விலையையும் கட்டிவிடுவார். கழிவு பின்னால் தபாலில் வரும். காத்திருப்பது வாங்குபவர்.

யார் காத்திருப்பது என்ற இந்த ஒரே வேறுபாட்டிலிருந்து எத்தனை லாபமும், எத்தனை வழக்கும், எத்தனை மனக்கசப்பும் விளைந்தன என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம். கூடவே, அதே கடைகளில் நடந்த மாணவர் தள்ளுபடியையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கணினி விற்காதவர்களும் இதைப் படிக்கலாம். மிக்சி விற்றாலும் பெயிண்ட் விற்றாலும் கம்பெனி 'ஸ்கீம்' என்று ஒன்றைக் கொண்டுவந்து நம் தலையில் வைக்கத்தான் செய்கிறது.

தபால்வழி ரிபேட் நடந்த விதம்

வாங்குபவருக்கு நேராகப் பணம் திருப்பித் தரும் முறை அமெரிக்காவில் பலர் கண்ணிலும் பட்டது, 1975ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிரைஸ்லர் நிறுவனம் விற்காமல் தேங்கிய கார்களுக்கு அதை அறிவித்தபோதுதான். பின்னர் அது சிறு பொருள்களுக்கும் பரவி, கணினிக் கடைக்கு வந்தபோது தனி வடிவம் எடுத்தது.

விளம்பரத்தில் ஒரு கணினியின் விலை 900 டாலர் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் 'ரிபேட் போக' என்றிருக்கும். கடைக்குப் போனால் 1,000 டாலர் கட்ட வேண்டும். பில்லோடு ஒரு படிவம் கிடைக்கும். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டியவை இவை:

1. அட்டைப்பெட்டியின் மேலுள்ள பார்கோடு பட்டையைக் கத்தியால் வெட்டி எடுக்க வேண்டும். நகல் செல்லாது, அசல்தான் வேண்டும்.
2. பில்லின் நகலை எடுக்க வேண்டும்.
3. படிவத்தில் பெயர், முகவரி, பொருளின் வரிசை எண் முதலியவற்றைப் பிழையில்லாமல் எழுத வேண்டும்.
4. எல்லாவற்றையும் உறையிலிட்டு, குறித்த நாளுக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.
5. ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் அதற்கும் மேலே, காத்திருக்க வேண்டும்.
6. காசோலை வந்ததும், அதன் காலக்கெடு முடியுமுன் வங்கியில் போட வேண்டும்.

இந்த ஆறு படியில் எதில் தவறினாலும் 100 டாலர் போனது போனதுதான். ஒரே பொருளுக்குக் கடையின் ரிபேட் ஒன்று, தயாரிப்பாளரின் ரிபேட் ஒன்று என இரண்டு இருந்தால் உறையும் இரண்டு, முகவரியும் இரண்டு. ஆனால் அசல் பார்கோடு ஒன்றுதானே! எதை எங்கே அனுப்புவது என்று வாங்கியவர் தலையைச் சொறிய வேண்டியதுதான். மேலும் பார்கோட்டை வெட்டிய பெட்டியைப் பல கடைகள் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்தன. எனவே ரிபேட்டுக்கு அனுப்பியவர், பொருள் பிடிக்காவிட்டாலும் திருப்பித் தரும் உரிமையை அநேகமாக இழந்துவிடுவார்.

உறைகளைப் பிரிப்பது கணினித் தயாரிப்பாளர் அல்ல. இதற்கென்றே தனி நிறுவனங்கள் இருந்தன. மின்னசோட்டா மாநிலத்தின் யங் அமெரிக்கா என்ற சிற்றூரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஒரு நிறுவனம் இத்தொழிலில் புகழ்பெற்றது. வாடிக்கையாளர் சண்டை போட வேண்டுமானால் கடைக்காரர் தயாரிப்பாளரைக் காட்டுவார். தயாரிப்பாளர் உறை பிரிக்கும் நிறுவனத்தைக் காட்டுவார். அந்த நிறுவனமோ தொலைபேசியில் மட்டும் கிடைக்கும்.

தயாரிப்பாளர் இதை ஏன் விரும்பினார்?

'எல்லாரும் கேட்டு வாங்கமாட்டார்கள், அந்த மிச்சம்தான் காரணம்' என்று உடனே சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணமல்ல. வணிகர் என்ற முறையில் மற்ற காரணங்களையும் நாம் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, விலைக்குறைப்பு வாடிக்கையாளரைச் சென்றடைய வேண்டும் என்ற எண்ணம். தயாரிப்பாளர் டீலருக்கு 100 டாலர் குறைத்துக் கொடுத்தால் டீலர் அதில் பாதியைத் தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ரிபேட் டீலரைத் தாண்டி நேரே வாங்குபவருக்குப் போகிறது.

இரண்டாவது, கடையிலுள்ள பழைய இருப்பு. கணினி வாரம்தோறும் விலை இறங்கும் சரக்கு. ஒரு டீலரிடம் 20 கணினிகள் இருக்கும்போது தயாரிப்பாளர் விலையை 100 டாலர் இறக்கினால், அந்த டீலருக்கு 2,000 டாலர் நட்டம். டீலர் ஒப்பந்தத்தில் விலைக் காப்பு இருந்தால் தயாரிப்பாளர் அதை ஈடுசெய்ய வேண்டும். ரிபேட் கொடுத்தால் பட்டியல் விலை மாறுவதில்லை, எனவே ஈடும் கிடையாது.

மூன்றாவது, பட்டியல் விலையின் மதிப்பு. ஒருமுறை இறக்கிய விலையை மறுபடி ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ரிபேட்டுக்கு முடிவு தேதி உண்டு. தேதி முடிந்தால் பழைய விலை தானாகத் திரும்பிவிடும்.

நான்காவது, முகவரி. யார் வாங்கினார், எந்த ஊர், எந்தக் கடை என்ற விவரம் செலவில்லாமல் தயாரிப்பாளர் கைக்கு வருகிறது. அதுவரை அது கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஐந்தாவது, கைமாற்றுப் பணம். இன்று வாங்கிய 100 டாலரை இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் போதும். ஆயிரக்கணக்கானவரின் பணம் வட்டியில்லாமல் இரண்டு மாதம் கையில் புரளும்.

ஆறாவது, வாங்குபவரைத் தரம் பிரித்தல். நேரம் உள்ளவர், ஒவ்வொரு டாலரையும் எண்ணுபவர் படிவம் நிரப்பி அனுப்புவார். அவசரக்காரர் அனுப்பமாட்டார். ஒரே பொருளை இருவருக்கும் இரு விலைக்கு விற்ற கணக்காகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு நிறுவனம் 1,000 டாலர் விலையுள்ள கணினியில் 1,000 எண்ணிக்கை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

நேரடியாக 100 டாலர் குறைத்தால் நிறுவனம் இழப்பது 1,00,000 டாலர்.

தபால்வழி ரிபேட் என்றால், 100க்கு 60 பேர் அனுப்புவதாகக் கொண்டால், தர வேண்டியது 60,000 டாலர். ஒரு உறையைப் பிரிக்க 2 டாலர் செலவென்றால் 1,200 டாலர். மொத்தம் 61,200. மிச்சம் 38,800 டாலர். விளம்பரத்திலோ இரண்டுக்கும் ஒரே விலைதான்: 900 டாலர்.

100க்கு 90 பேர் அனுப்பிவிட்டால்? தர வேண்டியது 90,000, செலவு 1,800, மொத்தம் 91,800. மிச்சம் 8,200 ஆகச் சுருங்கிவிடும். ஆகவே இத்திட்டத்தின் லாபம் முழுவதும் 'எத்தனை பேர் மறப்பார்கள்' என்ற ஒரு எண்ணில் தொங்குகிறது. வாடிக்கையாளரின் மறதி முதலீடாகிவிட்ட வியாபாரம் இது. வாடிக்கையாளர் விழித்துக்கொள்ள விழித்துக்கொள்ள, லாபம் தேய்ந்துகொண்டே போகும்.

வாங்குபவர் பக்கமும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தயாரிப்பாளர் தரும் ரிபேட்டைக் கழிக்காத முழு விலைக்கே விற்பனை வரி. வரி 6 சதவீதம் என்றால், 1,000 டாலருக்கு 60 டாலர். கட்டுவது 1,060, ரிபேட் வந்தபின் நிகரம் 960. கடையிலேயே 900 என்று விற்றிருந்தால் வரி 54, மொத்தம் 954. ரிபேட் ஒழுங்காக வந்தாலும்கூட 6 டாலர் கூடுதல். தபால்தலையும் நகல் எடுத்த செலவும் தனி.

கனெக்டிகட் மாநிலம் ஒரு விதி வைத்தது. ரிபேட் போக விலை இவ்வளவு என்று கடைக்காரர் விளம்பரம் செய்தால், அந்த ரிபேட்டைக் கடையிலேயே கழித்துக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

400 டாலர் 'இனாம்'

1999ஆம் ஆண்டில் இன்னொரு வகை வந்தது. கம்ப்யூசர்வ், எம்.எஸ்.என். போன்ற இணையச் சேவை நிறுவனங்கள், மூன்றாண்டுச் சந்தாவுக்குக் கையெழுத்திட்டால் கணினி வாங்க 400 டாலர் ரிபேட் என்று அறிவித்தன. அப்போது 400 டாலர் அளவிலேயே கணினிகள் விற்பனைக்கு வந்துவிட்டதால், 'கணினி இலவசம்' என்றே பல விளம்பரங்கள் பேசின.

சந்தா மாதம் 21.95 டாலர். மூன்றாண்டுக்கு 36 மாதம். பெருக்கினால் 790 டாலர் 20 சென்ட். 400 டாலர் பெற 790 டாலருக்கு ஒப்பந்தம்! இணையச் சேவை எப்படியும் வேண்டும் என்பவருக்கு இது நல்ல பேரமாக இருக்கலாம். வேண்டாதவருக்குக் கழுத்தில் கட்டிய கல். சேவையின் விலையும் மூன்றாண்டில் இறங்கக்கூடியது. ஒப்பந்தக்காரருக்கு மட்டும் அது இறங்காது.

2000ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஃபெடரல் டிரேட் கமிஷன் என்னும் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் இவ்விளம்பரங்கள் தொடர்பாக ஆபீஸ் டெப்போ, பை.காம், வேல்யூ அமெரிக்கா ஆகிய மூன்று விற்பனை நிறுவனங்கள்மீது எடுத்த நடவடிக்கை சமரசத்தில் முடிந்தது. ஒப்பந்தத்தால் வரும் முழுச் செலவைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதே குற்றச்சாட்டு. சேவையை வழங்கியவர் வேறு. ஆனால் விளம்பரம் செய்த கடைதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இதில் மறுபக்கமும் உண்டு. கலிபோர்னியா, ஆரிகன் மாநிலங்களில் எம்.எஸ்.என். ஒப்பந்தத்தை இடையில் முறித்தாலும் 400 டாலரைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற ஓட்டை இருந்தது. செய்தி பரவியதும் மக்கள் கடைகளுக்குத் திரண்டு, 400 டாலருக்குச் சாமான் வாங்கிக்கொண்டு சந்தாவை ரத்து செய்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அவ்விரு மாநிலங்களிலும் சலுகையை நிறுத்தியது. வாடிக்கையாளர் படிக்கமாட்டார் என்று நம்பிச் சிறு எழுத்தில் எழுதுபவர், அதை ஒருநாள் வாடிக்கையாளரே உற்றுப் படிப்பார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மறதியை நம்பி மூழ்கிய கடை

சைபர்ரிபேட் என்ற நியூயார்க் நிறுவனம் இணையத்தில் கடை நடத்தியது. சந்தை விலையைப் போலப் பல மடங்கு விலை வைக்கும். முழுத் தொகையையும் ரிபேட்டாகத் தருவதாகச் சொல்லும். வாங்குபவர் கணக்கில் பொருள் இலவசம்.

இதை நம் கணக்கில் போடுவோம். 20 டாலர் அடக்கமுள்ள பொருளை 100 டாலருக்கு விற்று, 100 டாலரும் ரிபேட் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் வாங்கினால் வரவு 10,000. சரக்கு அடக்கம் 2,000. மீதி 8,000. எனவே 80 பேர் ரிபேட் கேட்கும்வரை கடைக்கு நட்டமில்லை. 81ஆவது ஆள் உறை அனுப்பினால் நட்டம் தொடங்கும். ஆனால் 'எல்லாம் இலவசம்' என்பதற்காகவே வருகிறவர், 100 டாலரை மறப்பாரா? 10 டாலரை மறப்பவர் உண்டு. போட்ட முழுப் பணத்தையும் மறப்பவர் யார்?

2001ஆம் ஆண்டு மே மாதம் அந்நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ரிபேட்டுக்குக் காத்திருந்த ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள், ஈடில்லாத கடன்காரர்களாக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அதாவது, சாமான் வாங்கப் போனவர்கள் தமக்குத் தெரியாமலே கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள். தபால்வழி ரிபேட்டின் உட்பொருளே இதுதான். பணம் கைக்கு வரும்வரை வாடிக்கையாளர் நமக்குக் கடன் கொடுத்திருக்கிறார். 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை மாட்டிவைத்திருக்கும் நாம், வாடிக்கையாளரிடம் அவரைக் கேட்காமலே கடன் வாங்குவது முறையா?

அடுத்தவர் வாக்குக்கு நம் கடை பொறுப்பு

வணிகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கம்ப்யுஎஸ்ஏ வழக்கு. அது அமெரிக்காவின் பெரிய கணினிக் கடைத்தொடர்களுள் ஒன்று. கியூபிஎஸ் என்ற நிறுவனம் கணினியோடு இணைக்கும் துணைக்கருவிகளைச் செய்தது. அக்கருவிகளை ரிபேட்டுடன் கம்ப்யுஎஸ்ஏ விற்றது. கியூபிஎஸ் ரிபேட் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தது; பலருக்குத் தரவேயில்லை. 2002இல் திவாலும் ஆனது.

தயாரிப்பாளர் திவாலானால் கடைக்காரர் என்ன செய்வார் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஆணையம் வேறு விதமாகக் கேட்டது. 'கியூபிஎஸ் பணம் தரவில்லை என்று உங்களுக்கே புகார்கள் வந்தன. தெரிந்தும் அதே ரிபேட்டைத் தொடர்ந்து ஏன் விளம்பரம் செய்தீர்கள்?' என்பதே அதன் குற்றச்சாட்டின் சாரம். கம்ப்யுஎஸ்ஏ தன் சொந்த ரிபேட்டுகளையும் தாமதமாகத் தந்தது என்ற குறையும் சேர்ந்தது. 2005ஆம் ஆண்டு மார்ச்சில் ஏற்பட்ட சமரசத்தின்படி, தன்னிடம் கியூபிஎஸ் பொருள் வாங்கிப் பணம் வராத தகுதியுள்ள வாடிக்கையாளர்களுக்குக் கம்ப்யுஎஸ்ஏ தன் பணத்திலிருந்து தர ஒப்புக்கொண்டது.

சட்டம் அந்நாட்டுச் சட்டம். ஆனால் அதன் நியாயம் எந்த ஊர்க் கடைவீதிக்கும் பொருந்தும். வாடிக்கையாளருக்குக் கம்பெனியைத் தெரியாது. அவர் பார்த்தது நம் பலகையை. கேட்டது நம் கடைப் பையனின் பேச்சை. பணம் கொடுத்தது நம் கல்லாவில்.

மாணவர் விலை

இனி மாணவர் தள்ளுபடிக்கு வருவோம். இதுவும் ஒரே பொருளுக்கு இரண்டு விலைதான். ஆனால் இதன் நடையே வேறு.

1984இல் ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டாஷ் கணினியை 2,495 டாலர் பட்டியல் விலையில் வெளியிட்டது. அதோடு ஸ்டான்ஃபோர்ட், டிரெக்ஸல் உள்ளிட்ட 24 பல்கலைக்கழகங்களை ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்து, பல்கலைக்கழகம் மொத்தமாக எடுத்து மாணவருக்குப் பாதிக்கும் குறைந்த விலையில் தரும்படி ஏற்பாடு செய்தது. பிலடெல்பியாவிலுள்ள டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஏறத்தாழ 1,000 டாலருக்கு அதைப் பெற்றார். இதில் தருமமும் உண்டு, வியாபாரக் கணக்கும் உண்டு. படிக்கும் காலத்தில் கை பழகிய கருவியைத்தான் வேலைக்குப் போனபின்னும் மனம் தேடும். இன்று குறைந்த லாபத்தில் விற்றது, இருபது ஆண்டு வாடிக்கைக்கு விதை.

மாணவர் விலையில் காத்திருப்பு இல்லை. அடையாள அட்டையைக் காட்டினால் அங்கேயே குறைந்த விலை. யாருக்கு, எவ்வளவு என்பது முதலிலேயே தெரியும். சலுகை பெறாதவர் ஏமாந்ததாக நினைப்பதுமில்லை. ரிபேட்டைத் தவறவிட்டவர் தன்னையும் நொந்து, கடையையும் நோவார். மாணவர் அல்லாதவரோ 'பிள்ளைகளுக்குத்தானே கொடுக்கிறார்கள்' என்று போய்விடுவார்.

இதிலும் சிக்கல் இல்லாமலில்லை. மாணவர் பேரில் வாங்கி வெளியில் விற்பவர் உண்டு. அதற்காகத்தான் 'ஓராண்டில் ஒருவருக்கு இத்தனை' என்ற வரம்பு. மாணவரா என்று எவ்வளவு கடுமையாகச் சோதிப்பது என்பதும் கேள்வி. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2003 மென்பொருளின் சாதாரணப் பதிப்பு 399 டாலர். மாணவர், ஆசிரியர் பதிப்பு 149 டாலர். அது சாதாரணக் கடைகளிலேயே கிடைத்தது. 2007 பதிப்பில் 'வீடும் மாணவரும்' என்று பெயரை மாற்றி, அதே 149 டாலருக்கு எல்லா வீட்டுக்காரருக்கும் விற்றார்கள். சோதித்து விரட்டுவதைவிடக் கதவைத் திறந்துவிடுவது லாபம் என்று கண்டார்கள் போலும். 2022 ஜனவரியில் ஆப்பிள் அமெரிக்காவில் தன் இணையக் கடையில் மாணவர் சலுகைக்கு யுனிடேஸ் என்ற சேவைமூலம் சான்று காட்டச் சொல்லி, சில நாட்களிலேயே அதை விலக்கிக்கொண்டது.

இரண்டு முறையும் ஒன்றுசேர்ந்த இடமும் உண்டு. 2000களின் பிற்பகுதியில் கல்லூரி திறக்கும் பருவத்தில், மாணவர் விலையில் மெக் கணினியோடு ஐபாட் ஒன்றும் வாங்கினால் ஐபாடின் விலையைத் தபால்வழி ரிபேட்டாக ஆப்பிள் தந்தது. 2008இல் இது 299 டாலர் வரை இருந்தது. மாணவர் முதலில் முழுப் பணத்தையும் போட்டாக வேண்டும். 2011இல் அதை விட்டுவிட்டு, வாங்கும்போதே 100 டாலர் பரிசுச் சீட்டு தரும் முறைக்கு மாறிவிட்டார்கள். தொகை குறைவு, ஆனால் வெட்டவும் ஒட்டவும் காத்திருக்கவும் வேண்டாம்.

பெரிய கடைகள் கைவிட்ட கதை

மற்ற பெரிய கடைகளும் அதே பாதையில் வந்தன. 2004இல் ஸ்டேப்பிள்ஸ் கடைத்தொடர், பார்கோட்டை வெட்டாமல் இணையத்தில் பில் எண்ணைப் பதிந்து ரிபேட் கேட்கும் வசதியைக் கொண்டுவந்தது. 2005இல் பெஸ்ட் பை, இரண்டாண்டுக்குள் தபால்வழி ரிபேட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் ஆபீஸ்மேக்ஸ் நிறுத்தியது. வாடிக்கையாளரின் எரிச்சல், ரிபேட்டால் வந்த மிச்சத்தைத் தின்றுவிட்டது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் கடைக்கு என்ன பாடம்?

தபால் உறை போய்விட்டது. ஆனால் அதன் தம்பி நம் கடைகளுக்கு வந்துவிட்டான். 'இந்த அட்டையில் வாங்கினால் கேஷ்பேக், பிறகு கணக்கில் வரும்' என்பதும், 'செயலியில் பில்லைப் பதிந்தால் பரிசு' என்பதும் அதே குடும்பம்தான். அதனால் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

1. பெரிய எழுத்தில் எழுத வேண்டியது, வாடிக்கையாளர் இன்று கல்லாவில் கட்ட வேண்டிய தொகையை. பிறகு வரப்போவதைத் தனி வரியில், எத்தனை நாளில், யார் தருவார் என்ற விவரத்தோடு எழுதுங்கள்.

2. கம்பெனி ஸ்கீமை ஏற்குமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பணம் தருவது யார், எத்தனை நாளில், எந்தத் தேதிவரை, மொத்தம் எத்தனை எண்ணிக்கைக்கு, தராவிட்டால் யார் பொறுப்பு. விற்பனைப் பிரதிநிதியின் வாய்ச்சொல் அவர் வேறு கம்பெனிக்கு மாறும்வரைதான்.

3. முடிந்தவரை கல்லாவிலேயே கழித்துக் கொடுத்து, கம்பெனியிடம் கிரெடிட் நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு என்ன செலவாகும்? 50 மடிக்கணினிக்குத் தலா 2,000 ரூபாய் நாம் முன்பணமாகக் கழித்தால் 1,00,000 ரூபாய் முடங்கும். கம்பெனி மூன்று மாதத்தில் தருகிறது என்றால், ஒரு வட்டிக் கணக்கில் 3,000 ரூபாய் வட்டி. ஒரு கணினிக்கு 60 ரூபாய். வாடிக்கையாளர் மூன்று மாதம் நம்மைத் திட்டாமலிருக்க 60 ரூபாய் அதிகமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் கைத்தறிச் சங்கங்களைப் போல ஈட்டுத்தொகைக்குக் காத்திருக்கும் சுமை நம்மீது விழும் என்பதால், முதல் தாங்குமா என்று பார்த்தே இறங்க வேண்டும். இரண்டாவது விதியில் சொன்ன எழுத்து இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

4. கழித்துக் கொடுக்க முடியாத ஸ்கீம் என்றால், படிவத்தைக் கடையிலேயே நிரப்பி உதவுங்கள். பில் எண், வரிசை எண், தேதி ஆகியவற்றை ஒரு தனி நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளர் வரும்போது நோட்டைப் பிரித்துக் காட்டும் கடைக்காரரிடம் அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

5. 'பணம் வரவில்லை' என்று இரண்டு மூன்று பேர் வந்து சொன்னால், அன்றே பலகையைக் கழற்றுங்கள். தெரியாமல் விற்றது பிழை. தெரிந்தபின் விற்றது குற்றம். கம்ப்யுஎஸ்ஏ வழக்கின் பாடம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கும்.

6. மாணவர் சலுகை தருவதாக இருந்தால் விதி எளிதாக இருக்கட்டும்: அடையாள அட்டை, ஒருவருக்கு ஒன்று, பள்ளி கல்லூரி திறக்கும் பருவம் மட்டும். அட்டையைப் பார்க்கும் பணியாளர் மரியாதையாகப் பேசட்டும். பத்து நிமிடம் சந்தேகமாகக் கேள்வி கேட்டுவிட்டுக் கொடுக்கும் 500 ரூபாய் சலுகை, கொடுத்தும் கொடுக்காத கணக்கு.

7. வரியையும் பாருங்கள். சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, விற்கும்போதே பில்லில் காட்டிக் கழித்த தள்ளுபடி வரி போடும் மதிப்பில் சேராது. விற்ற பிறகு தரும் கழிவுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. ஸ்கீம் தொடங்குமுன் உங்கள் கணக்காயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவாக

தமிழில் 'நாணயம்' என்றால் காசும் ஆகும், நேர்மையும் ஆகும். கடைவீதியில் நம் முன்னோர் 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைச் சொன்னால், கொடுத்த வாக்குக்கும் கொடுக்க வேண்டிய காசுக்கும் நடுவில் இடைவெளி விடாதவர் என்று பொருள். அமெரிக்கக் கணினிக் கடைகள் அந்த இடைவெளியில் இரண்டு மாதத்தையும் ஒரு தபால் உறையையும் வைத்து லாபம் பார்த்தன. சில ஆண்டுகள் லாபம் வந்தது. பிறகு வழக்கு வந்தது, திவால் வந்தது, கடைசியில் தாமே அதைக் கைவிடும் நிலையும் வந்தது.

அவர்கள் பல ஆண்டுகளில் செலவு செய்து கற்றதை நாம் செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் கீழ்க்கண்ட கேள்விகளை விவாதித்தால் இக்கட்டுரையின் பயன் நிறைவேறும்.

1. இப்போது நம் கடையில் நடக்கும் ஸ்கீம்களில் எத்தனைக்கு எழுத்து ஆதாரம் இருக்கிறது?
2. கம்பெனிகளிடமிருந்து நமக்கு வர வேண்டிய கழிவு எவ்வளவு? எத்தனை நாளாக நிற்கிறது? தனியாகக் கேட்டால் தராத கம்பெனியிடம் சங்கமாகக் கேட்க முடியுமா?
3. வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டு வராமல் போன தொகை ஏதாவது உண்டா? இருந்தால் அதை எப்படி நேர் செய்வது?

மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடையைக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் போய், அந்த வாடிக்கையாளருக்குச் சொன்னால் போதும்.